டபுள் பேஸை மிக்ஸரில் செருகினால் ஒலி மெலிவதும் ஊளையிடுவதும் ஏன்?

காட்பாடியில் தேவாலய இசைக்குழு ஒன்றில் எலக்ட்ரிக் பேஸ் வாசித்துவந்த நீங்கள், டபுள் பேஸுக்கு (நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய மரத் தந்தி வாத்தியம்) மாறியபின் ஒலி மெலிந்தும் சில சுரங்களில் ஊளையிட்டும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு.

எலக்ட்ரிக் பேஸில் எஃகுத் தந்தியின் அசைவைக் காந்தப் பிக்கப் (அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் கருவி) உணர்கிறது. டபுள் பேஸின் பிரிட்ஜில், அதாவது தந்திகளைத் தாங்கும் மரக்கட்டையில், பொருத்தும் பியெசோ பிக்கப்போ (அழுத்தத்தை மின்குறிப்பாக்குவது) மிக உயர்ந்த மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு, உடையது. அதை ஏறத்தாழ 10 கிலோ ஓம் அளவிலான மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேரே செருகினால், கீழ்ச்சுரங்கள் கரைந்துபோய், தகரத்தைத் தட்டுவது போன்ற ஓசையே மிஞ்சும். குறைந்தது 1 மெகா ஓம், கூடுமானால் 10 மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு கொண்ட ப்ரீஆம்ப் (மிக்ஸருக்கு முன் வைக்கும் சிறு ஒலிபெருக்கிச் சுற்று) ஒன்று இடையில் வேண்டும். புது ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே வாங்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஊளைக்குக் காரணம் டபுள் பேஸின் கூடான உடல். ஸ்பீக்கரின் ஒலி மேல்பலகையை அதிரவைக்க, அந்த அதிர்வையே பிக்கப் மறுபடியும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. வேலூர்த் திருமண மண்டபங்களின் வெறுஞ்சுவர்களும் டைல்ஸ் தரையும் இதை இன்னும் கூட்டும். ஸ்பீக்கர் பெட்டியை உங்களுக்கு முன்னால், பக்கவாட்டில் நகர்த்துங்கள். பிறகு ப்ரீஆம்பின் ஃபேஸ் சுவிட்சை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) மாற்றிப் பாருங்கள், பல நேரங்களில் அதுவே போதும். மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அதற்குக் கீழுள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் தயங்காமல் வெட்டலாம்.

கத்திரி வெயிலில் வாத்தியத்தை மூடிய வேனுக்குள் விட்டுவிடாதீர்கள். ஒட்டுப்பசை இளகி இணைப்பு திறந்துகொள்ளும்.