டிஸ்க் போல்ட் தலை வழுக்கிவிட்டதா? கேளுங்கள், சொல்கிறேன்

சைக்கிள் பழுது பார்ப்பதுதான் என் தொழில். டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டை (டிஸ்க்) ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளையில், ஆறு போல்ட்கள் பிடித்திருக்கும்; அதைக் கழற்றும்போது போல்ட் தலை வழுக்கிவிட்டது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஆறில் ஐந்து கழன்றுவிட்டது. ஆறாவதில் ஸ்டார் கீ சுற்றுகிறது, போல்ட் அசையவில்லை. அழுத்திப் பிடித்து இன்னொரு முறை திருப்பிப் பார்க்கவா?

வேண்டாம் தம்பி, அங்கேயே நிறுத்துங்கள். போல்ட் தலையில் கீ இறங்கும் நட்சத்திரக் குழி ஒருமுறை வழுக்கியபின் அதற்குள் மறுபடி திருப்பினால், மிச்சமிருக்கும் விளிம்பும் உருண்டுவிடும்.

முதலில் சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போடுங்கள். ஒரு ஊசியால் போல்ட் குழியைச் சுரண்டிப் பாருங்கள். சேறும் பிரேக் தூளும் கலந்து கல் மாதிரி இறுகிய கறுப்புக் கட்டி ஒன்று வரும். அது அடியில் இருக்கும் வரை கீ முழு ஆழத்துக்கு இறங்காது, நுனியில் மட்டும்தான் பிடிக்கும். என்னிடம் வந்த வழுக்கல்களில் பெரும்பாலானவை இப்படித் தொடங்கியவைதான்.

சுத்தம் செய்தபின் சூடு. இந்த போல்ட்களின் மரையில் நீல நிற லாக்டைட் போன்ற, மரை தளராமல் பிடிக்கும் பசை தடவியிருப்பார்கள். உங்களை எதிர்த்து நிற்பது பெரும்பாலும் அந்தப் பசைதான், துரு அல்ல. சால்டரிங் அயர்ன் நுனியைப் போல்ட் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துப் பிடியுங்கள், பசை இளகும். ஆறுவதற்குள் நல்ல டி25 அளவு நட்சத்திர பிட்டை நேராக இறக்கி, உள்ளங்கையால் மேலிருந்து அழுத்தியபடி மெல்லத் திருப்புங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் விரலாலேயே சுழலும்.

தீப்பந்தம் மாதிரி கேஸ் டார்ச் பிடித்தால் சீக்கிரம் ஆகாதா?

ஆகும், கூடவே ஹப்பின் பேரிங் சீலும் கிரீஸும் போகும். கார்பன் ரிம் என்றால் நினைத்தே பார்க்காதீர்கள். போல்ட்டுக்கு மட்டும் சூடு போனால் போதும்.

துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கலாமா?

டிஸ்க் பக்கத்தில் எண்ணெயே வேண்டாம். பசையை அது இளக்காது. டிஸ்க்கில் பரவி, பிரேக் பேடு அதைக் குடித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால், டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய் ஊறிய பேடை மாற்றுவதே நல்லது.

ஐயா, குழி முழுதும் வட்டமாகிவிட்டது. எந்தப் பிட்டும் பிடிக்கவில்லை. ஹப்பையே மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம், இன்னும் வழி இருக்கிறது. ஒரு அளவு பெரிய டி27 பிட்டைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். ஹப்பின் அடியில் மரக்கட்டை கொடுத்து, சின்னத் தட்டுகளாக. அது புதுப் பள்ளம் வெட்டிக்கொண்டு பிடிக்கும். அதுவும் வழுக்கினால், தலையின் குறுக்கே ஹேக்ஸா பிளேடால் ஒரு கோடு அறுத்துத் தட்டை ஸ்குரூ டிரைவரால் திருப்பலாம். பேடு உரசும் வளையத்தில் மட்டும் பிளேடு படக்கூடாது.

கடைசி வழி டிரில். பலர் இதற்குப் பயப்படுகிறார்கள், ஆனால் நான் மிகவும் நம்புவது இதைத்தான். குழியே நடுப்புள்ளியைக் காட்டிவிடும். 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, 5 மி.மீ. பிட்டால் முடியுங்கள். தலையின் கனம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்; அது அறுந்து தனியாக வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஹப்புக்குள் இறங்கினால் அலுமினிய மரை போய்விடும். தலை போனதும் டிஸ்க் கையோடு வரும். ஹப்பில் ஏறக்குறைய 2 மி.மீ. தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சூடாக்கி வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) கவ்வித் திருப்புங்கள். தலையின் இறுக்கம் விட்டுப்போனதால் ஆச்சரியப்படும் அளவுக்குச் சுலபமாகக் கழலும்.

உடைந்த போல்ட் எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் வாங்கட்டுமா?

இந்த அளவுக்கு வேண்டாம். எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்குள் போகும் எக்ஸ்ட்ராக்டர் மிக மெல்லியது, கடினமானது. உள்ளே முறிந்தால் அதைச் சாதாரண டிரில்லால் துளைக்க முடியாது.

ஹப்பின் ஒரு மரை போய்விட்டது. ஐந்து போல்ட்டோடு ஓட்டலாமா? மகள் பள்ளிக்குப் போகும் சைக்கிள்.

ஓட்ட வேண்டாம் அம்மா. பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் அந்த ஆறு போல்ட் வழியாகத்தான் ஹப்புக்குப் போகிறது. எம்5, 0.8 பிட்ச் (மரை இடைவெளி) ஹெலிகாயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், போட்டால் மரை பழையபடி உறுதியாகும். லேத் பட்டறையில் செய்துகொடுப்பார்கள்.

திரும்ப மாட்டும்போது எவ்வளவு இறுக்கம்?

பிரேக் தயாரிக்கும் நிறுவனங்களில் ஷிமானோ சொல்வது 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராம் சொல்வது 6.2. நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, அதனால் நீளமான கைப்பிடி வேண்டாம். டிஸ்க்கோடு வரும் புது போல்ட்டையே போடுங்கள். பழையதை மறுபடி போடுவதானால் மரையைத் துலக்கி நீலப் பசை ஒரு சொட்டு. ஆறையும் முதலில் கையால் இறக்கி, பிறகு ஒன்றுக்கு எதிரானது என்று மாற்றி மாற்றி இரண்டு சுற்றில் இறுக்குங்கள். பிட் முழு ஆழத்துக்கு இறங்கியதா என்று ஒவ்வொரு தலையிலும் கண்ணால் பார்த்தபின் திருப்புங்கள்.