புதுக் கார்: முதல் ஆயிரம் கிலோமீற்றர்

கேள்வி: கொழும்பில் புத்தம்புது 660 சீசீ கார் ஒன்று எடுத்திருக்கிறோம், ஓட்டோ கியர். முதல் 1000 கி.மீ. வரைக்கும் நாற்பதுக்கு மேல் போகவே கூடாது என்று மாமா பிடிவாதமாக நிற்கிறார். அப்படியென்றால் திருகோணமலையில் உள்ள உப்புவெளிக்கு லொறியில் ஏற்றியா கொண்டுவருவது?

பதில்: லொறி வேண்டாம். ஓட்டியே வாருங்கள். மாமாவின் கணக்கு பழைய எஞ்சின்களுக்கு உரியது.

சிலிண்டர் சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் கீறப்பட்டிருக்கும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அந்தக் கோடுகளின் மேடுகளைத் தேய்த்துத் தமக்கு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் பெற்றோல் எரியும்போது உண்டாகும் வாயு அழுத்தம்தான். பொத்திப் பொத்தி ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. ரிங் ஒயிலின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், சுவர் கண்ணாடிபோல் மினுங்கிவிடும், பிறகு எஞ்சின் ஒயில் குடிக்கும். ஒரேயடியாக மிதித்தாலோ மேடுகள் சூடேறிச் சுவரில் கீறல் விழும். நடுத்தரச் சுமை, மாறி மாறி வரும் வேகம்: எஞ்சினுக்கு வேண்டியது இதுதான்.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கி.மீ. குருநாகல் வரையான நெரிசல் உங்களுக்கு நல்லதே, வேகம் கூடுவதும் குறைவதும் தானாக நடக்கும். மீரிகமவில் அதிவேக வீதியில் ஏற ஆசைப்படாதீர்கள், 100இல் சீராகப் பறக்க இது நேரமல்ல. ஹபரணை தாண்டியதும்தான் கவனம் வேண்டும். கந்தளாய்ப் பக்கம் நேர்வீதி, கால் அசையாமல் அரைமணி நேரம் அறுபதிலேயே போய்விடுவீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னால் வாகனம் இல்லாதபோது, காலை எடுத்து 45 வரை இறங்கவிட்டு, மெதுவாக 65க்கு ஏற்றுங்கள். குரூஸ் கொன்ட்ரோல் இருந்தால் தொட வேண்டாம்.

இந்தச் சின்ன எஞ்சின் கார்களில் பலவற்றுக்கு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீற்றர் இருக்காது. இருந்தால் 4000ஐத் தாண்டாதீர்கள். இல்லையென்றால் பெடலைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் இருந்தால் சரி. எல் கியரிலும் ஸ்போட்ஸ் மோடிலும் போட்டு ஓட்ட வேண்டாம். ஏசி போடலாம். ஆனால் நாலு பேரும் மூட்டை முடிச்சும் முதல் பயணத்தில் வேண்டாம், 660 சீசீக்கு அது பெரும் பாரம்.

காலையில் பத்து நிமிடம் நின்ற இடத்தில் உறுமவிடுவது நம்மவர் பழக்கம். பயனில்லை. அரை நிமிடம் போதும், பிறகு எஞ்சின் சூடாகும்வரை மென்மையாக ஓட்டுங்கள். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று காட்டும் நீல விளக்கு உள்ள கார்களில் அது அணைவதுதான் அடையாளம்.

முதல் 300 கி.மீ.க்கு பிறேக்கைச் சடுதியாக அழுத்த வேண்டியிராதபடி இடைவெளி விட்டு வாருங்கள். பிறேக் பாட் இன்னும் டிஸ்க்கோடு பொருந்தியிராது. புது ரயரும் மழையில் கொஞ்சம் வழுக்கும்.

வாரம் ஒருமுறை ஒயில் பாருங்கள்: சமதரை, எஞ்சின் நிறுத்திப் பத்து நிமிடம், ஒயில் அளவுக் கம்பியைத் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தால் ஒயில் இரண்டு குறிகளுக்கு இடையில் நிற்க வேண்டும். மேல்குறியைத் தாண்டி ஊற்றினால் எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதை நுரையாக அடித்துவிடும்.

கேள்வி: 500 கி.மீ.யில் ஒயில் மாற்றி, எஞ்சினுக்கு ஒரு மருந்தும் ஊற்றச் சொல்கிறார் கராஜ்காரர். செய்யலாமா?

பதில்: மருந்து வேண்டவே வேண்டாம். உராய்வைக் குறைக்கும் சரக்கை ஊற்றினால் ரிங் எப்படித் தேய்ந்து பொருந்தும்? ஒயிலுக்கு காரோடு வந்த கைநூல்தான் சட்டம். குறித்த சேர்விஸுக்கு முன்னர் முதல் ஒயிலை மாற்ற வேண்டாம் என்று ஹொண்டா தன் கைநூல்களில் எழுதுகிறது. சில ஏஜென்டுகள் 1000 கி.மீ.யில் முதல் சேர்விஸுக்கு அழைப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். கைநூலில் ஒயிலின் வகை 0டபிள்யூ-20 என்றிருந்தால் அதையே ஊற்றச் சொல்லுங்கள். கி.மீ. எழுதிய பில்லைப் பத்திரப்படுத்தினால் வொரண்டிச் சண்டை வராது.

கேள்வி: ஜப்பானில் 30,000 கி.மீ. ஓடிய ரீகண்டிஷன் காருக்கும் இதெல்லாம் தேவையா?

பதில்: இல்லை, ரிங் எப்போதோ பொருந்தியிருக்கும். ஒயில், ஒயில் பில்டர், கூலன்ட் ஆகியவற்றுக்குச் செலவழியுங்கள். ரயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்த பழைய ரயர், தரையில் படும் பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றக் காசு ஒதுக்கிவிட்டு விலை பேசுங்கள்.