பச்சையா இருந்தா எக்கோ ஃப்ரெண்ட்லியா?

கேள்வி: வேளச்சேரில மூணாவது மாடி ஃப்ளாட். டைல்ஸை உடைச்சுட்டு லாமினேட் வுட் ஃப்ளோரிங் போடலாம், ஒரு மரம்கூட வெட்டாத ஐட்டம், சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு இன்டீரியர்காரர் சொல்றார். நம்பலாமா சார்?

பதில்: பாதி நெசம்மா. பலகைக்கு நடுவுல இருக்கறது எச்டிஎஃப், அதாவது மரத்தை நார் நாரா ஆக்கி பசை சேத்து சூட்டுல அழுத்துன போர்டு. தோட்டத்துல வளத்த யூகலிப்டஸ், ரப்பர் மரம், மர மில்லுல மிஞ்சுற சிலாம்பு எல்லாம் அதுல போகும். மேல தெரியற தேக்கு வெறும் பிரிண்ட் அடிச்ச பேப்பர். முழுத் தேக்குப் பலகை இழைச்சுப் போடறதுக்கு இது எவ்வளவோ தேவல, ஆனா மரமே வெட்டலைங்கறது கப்சா.

முதல்ல, நல்லா இருக்கற டைல்ஸை எதுக்கு உடைக்கணும்? தரை சமமா இருந்தா மேலயே ஃபோம் ஷீட் விரிச்சு கிளிக் பண்ணிப் போட்டுடலாம், சிமெண்ட் வேணாம், பசை வேணாம், இதுதான் இந்த ஐட்டத்தோட பெரிய நன்மையே. உடைச்சா கூலி பில் ஏறும், அதுல அவருக்குப் பங்கு, கல்லெல்லாம் ராத்திரியோட ராத்திரியா ஏதாவது ஏரிக்கரைல போய் விழும், கேக்க ஒரு ஆள் கிடையாது.

அடுத்தது, பலகையை உடைச்சுக் காட்டி உள்ள பச்சையா இருக்கு பாருங்க, எக்கோன்னு சொல்வாங்க. அது சாயம்மா! ஈரம் தாங்கற ரகம்னு அடையாளத்துக்குக் கலக்கறது, அந்தச் சாயத்தை எவன் வேணா ஊத்தலாம். வெட்டுன ஓரம் பிஸ்கட் மாதிரி நாரா இல்லாம சாம்பல் கலர்ல கல்லுப்பொடி மாதிரி இருந்தா அது எஸ்பிசி, சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசி பிளாஸ்டிக்கும், மரமே இல்ல.

பசைல ஃபார்மால்டிஹைட்னு கண்ணு, மூக்கை எரிக்கற ஒரு வாயு இருக்கும், அதனால பெட்டி மேலயே இ1 (E1) இருக்கான்னு பாருங்க, அந்த வாயு கம்மியா வெளிய வர ரகம்னு அர்த்தம். காட்டைப் பொறுப்பா பராமரிச்சு எடுத்த மரம்னு எஃப்எஸ்சி (FSC)ங்கற சர்வதேச அமைப்போட முத்திரை இருந்தா, அதுல சி (C) எழுத்துக்கு அப்பறம் 6 இலக்க நம்பர் இருக்கும், அதை அந்த அமைப்போட வெப்சைட்லயே தேடலாம். லேமினேட் பண்ண ஜெராக்ஸ் சர்டிபிகேட்டை நீட்டுனா திருப்பிக் குடுத்துடுங்க.

ஒண்ணே ஒண்ணு, வெள்ளிக்கிழமை பக்கெட்டால தண்ணி ஊத்திக் கழுவற வீடுன்னா வேணவே வேணாம். அமாவாசைக்கு மட்டும்தான் சார்னு சொல்வீங்க, அதுவும் வேணாம், மாமியார் வந்தப்போ மட்டும்னாலும் வேணாம். ஜாயிண்ட்ல தண்ணி இறங்குனா ஓரம் அப்பளம் மாதிரி உப்பிடும், இழைச்சு சரி பண்ண முடியாது, தூக்கித்தான் போடணும், பசை கலந்ததால எரிக்கவும் கூடாது. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டு வாங்கி ராத்திரி டம்ளர் தண்ணில நிக்க வெச்சுட்டு காலைல ஓரத்தைத் தடவிப் பாருங்க.