பழைய ஜீப்புக்குப் புது ரிம் வாங்குவதா, சரிசெய்த பழைய ரிம் போதுமா?

கேள்வி கேட்டவர் பழைய மகிந்திரா 4x4 ஜீப் வைத்திருக்கிறார். களக்காடு மலையடிவாரத்தில் வாழைத் தோட்டத்துக்கும், அவ்வப்போது திசையன்விளை பக்கம் தேரிக்காட்டுக்கும் ஓட்டுகிறார். இரண்டு ரிம் பென்ட் ஆகிவிட்டது, புதிது வாங்கவா, இல்லை கடையில் 'ரெடி பண்ணி' வைத்திருப்பதைப் போடவா என்பதுதான் கேள்வி.

இரும்பு ரிம் என்றால் சரிசெய்ததே தாராளமாகப் போதும். ஒரே ஒரு நிபந்தனை, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அலாய் என்றால் கதையே வேறு, விரிசல் விட்டு வெல்டிங் வைத்த அலாயை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

காரணம் இதுதான். கல்லில் இடித்தால் இரும்பு வளையும், அலாய் பெரும்பாலும் விரிசல் விடும். வளைந்த இரும்பைத் தட்டி நிமிர்த்தலாம், அதன் பலம் பெரிதாகக் குறையாது. அலாய் ரிம்மை வார்த்த பிறகு சூடாக்கி, குளிர்வித்து, பதப்படுத்தித்தான் அந்த உறுதியைக் கொண்டுவருகிறார்கள்; பென்ட் எடுக்கிறேன் என்று கேஸ் ஃபிளேமைக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும், பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் உள்ளே மெத்து. மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறுகிற மாதிரி ரோட்டில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும்போது, முன் சக்கரத்தில் அப்படி ஒன்று இருப்பதை நினைத்துப் பாருங்கள். இறக்கத்தில் எடை முழுவதும் முன்னால்தான் வந்து விழும்.

இப்போது சரிசெய்த இரும்பு ரிம்முக்கு வருவோம். இதில் ஏமாற்றுவது ரொம்ப சுலபம், கெட்டியாக ஒரு கோட் சில்வரோ கறுப்போ அடித்துவிட்டால் போதும். எங்கள் ஊரில் பென்ட் எடுக்கிற ஒரு அண்ணாச்சி வெளிப்படையாகச் சொல்வார், "பெயிண்டு அடிச்சாச்சுன்னா எனக்கே தெரியாதுவே, நீங்க எப்படிக் கண்டுபிடிப்பிய?" என்று. அதனால் கடையில் மாட்டி வைத்திருக்கும் பளிச்சென்ற ரிம்மை விட்டுவிட்டு, துருவோடு மூலையில் கிடப்பதைக் கேளுங்கள். அதை சேண்ட் பிளாஸ்டிங் செய்து, அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவையும் பெயிண்டையும் எடுத்து, வெறும் இரும்பாகக் காட்டச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் இருந்து பார்சலில் வரவழைக்கிறவர்கள், பெயிண்ட் அடிக்காமலே அனுப்பச் சொல்லிவிடுவது நல்லது.

வெறும் இரும்பாகப் பார்க்கும்போது மூன்று இடத்தில் கண் போக வேண்டும். முதலில் நட்டு உட்காருகிற துளைகள். புதிதில் அந்தத் துளையின் வாய் கூம்பாக, வட்டமாக இருக்கும், நட்டு கச்சிதமாகப் போய் உட்காரும். யாராவது நட்டு லூஸாகவே ஓட்டியிருந்தால் துளை முட்டை மாதிரி நீண்டிருக்கும், விளிம்பில் மினுமினுப்பாகத் தேய்மானம் தெரியும். அப்படி ஒரு துளை இருந்தாலும் அந்த ரிம் காயலான் கடைக்குத்தான். வெல்டிங் வைத்து அடைத்துத் திரும்பத் துளை போட்டுத் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, நடுத்தட்டும் வெளி வளையமும் சேருகிற வெல்டிங். மண்ணும் ஈரமும் அங்கேதான் போய்த் தங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வண்டி முங்கிக் கிடந்தது. அப்படி நின்ற வண்டியில் கழற்றியது என்றால் இந்த இணைப்பைச் சுரண்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உவரி, கூடங்குளம் மாதிரி கடற்கரை ஊர் வண்டியும் அப்படித்தான், உப்புக்காற்று வெளியில் லேசாகத்தான் காட்டும், இடுக்கில் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். மயிரிழை விரிசல் மேல் சந்தேகம் இருந்தால் லேத்திலோ வெல்டிங் பட்டறையிலோ சிவப்பு டை பென்ட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கும் சாயம்) அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், விரிசல் இருந்தால் வெள்ளைப் பவுடரில் சிவப்புக் கோடாக எழும்பி வந்துவிடும்.

மூன்றாவது டயர் பீடிங், அதாவது டயரின் உள்வாய் ஓரம், உட்காருகிற விளிம்பு. உங்களுக்கு இதுதான் முக்கியம். தேரிக்காட்டுச் செம்மணலில் டயர் புதையாமல் இருக்கக் காற்றை 15, 18 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்குவீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் டயரைப் பிடித்து வைத்திருப்பது இந்த விளிம்பு மட்டுமே. அங்கே துருக்குழி இருந்தால் ட்யூப்லெஸ் டயரில் காற்று மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், பக்கவாட்டில் மண் தள்ளினால் பீடிங் கழன்றும் விடலாம். இன்னொன்று, பழைய ஜீப்பின் 6.00-16 டயருக்கு வந்த ரிம் ட்யூப் போடுவதற்கானது. ட்யூப்லெஸ் ரிம்மில் பீடிங் நழுவாமல் தடுக்க உள்பக்கம் ஒரு மேடு ஓடும், பழைய ரிம்மில் அது இருக்காது. அதில் ட்யூப்லெஸ் டயரை ட்யூப் இல்லாமல் மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், பேலன்ஸிங் மெஷினில் டயர் இல்லாமல் ரிம்மை மட்டும் மாட்டிச் சுற்றவிடுங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியை அசையாமல் வைத்துப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஆடினால் ஈயத்தை ஒட்டி ஒட்டிப் பேலன்ஸ் காட்டிவிடுவார்கள், ஆனால் ஸ்டியரிங் நடுக்கம் போகாது.

ஜிப்ஸி, பொலேரோ ரிம்மும் 5 போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. என்ற கணக்குத்தான், அதனால் ஜீப்புக்குச் சேரும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். போல்ட்டில் ஏறிவிடும். ஆனால் மையத் துளையும் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வண்டியோடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) ஒத்துவர வேண்டும், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து ஸ்பிரிங்கிலோ சக்கரத்தைத் திருப்புகிற டை ராடிலோ உரசுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

விலை? சேண்ட் பிளாஸ்டிங், பென்ட் எடுப்பது, பெயிண்ட் எல்லாம் சேர்த்து ஒரு புது இரும்பு ரிம்மின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்கிவிடுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து. நானாக இருந்தால் முன்னால் இரண்டும் புதிது, சரிசெய்ததில் நல்லவை பின்னால், மிஞ்சுவது ஸ்டெப்னி. மலை ரோடும் தோட்டமுமாக ஓடுகிற வண்டிக்கு இதுதான் சரியான பங்கீடு என்று நினைக்கிறேன். அலாய் ஆசை இருந்தால் டவுனுக்குள் ஓட்டத் தனி செட்டாக வைத்துக்கொள்ளுங்கள், மலைக்கு இரும்பே போதும்.

பவுடர் கோட்டிங் செய்யக் கொடுத்தால் நட்டு உட்காருகிற கூம்பிலும், பிரேக் டிரம்மோடு ஒட்டுகிற பின்பக்கத்திலும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். அங்கே கோட்டிங் தடித்து நின்றால் அது நசுங்க நசுங்க நட்டு தளரும். எப்படி மாட்டியிருந்தாலும் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் எதிரெதிராக ஒரு முறை முறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு மலையேறுங்கள்.