பஸ்ஸில் பால் கொடுத்தது தப்பா?

கேள்வி: எனக்கு 4 மாதக் கைக்குழந்தை. அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வீறிட்டு அழுதான். துப்பட்டாவால் மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். பக்கத்து வரிசையில் இருந்தவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பின்சீட்டுப் பெண், "இதையெல்லாம் வீட்டிலேயே முடிச்சிட்டு வரக்கூடாதா?" என்றார். கூட வந்த மாமியார், "இனிமே வெளியே போனா புட்டிப்பால் எடுத்துக்கோ" என்கிறார். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக மறுபடியும் 4 மணி நேரப் பயணம். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கூச்சப்பட வேண்டியவர் உற்றுப் பார்த்த அந்த ஆள்தான். அவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்ட அந்தப் பெண்மணியின் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். பால்குடிப் பிள்ளையின் பசிக்கு நேரம் காலம் ஏது?

நம் பாட்டிமார்கள் களையெடுக்கப் போன இடத்தில் மரக்கிளையில் தூளி கட்டினார்கள். பிள்ளை அழுதால் வரப்பில் உட்கார்ந்து முந்தானைக்குள் அணைத்துப் பால் கொடுத்தார்கள். உங்கள் மாமியாரும் பார்த்திருப்பார். ஊர் வாய்க்குப் பயந்துதான் அவர் புட்டிப்பால் என்கிறார், உங்கள் மேல் கோபத்தில் அல்ல.

ஆனால் அந்த யோசனை வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பயணத்தில் புட்டியைக் கொதிக்க வைத்துக் கழுவ வசதி இருக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் பச்சைக் குழந்தை தாங்காது. உங்களுக்கும் சிரமம்: நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல்கூட வரும். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். அடிக்கடி தவறினால் சுரப்பே குறையும்.

2015 ஆகஸ்டில் தமிழக அரசு 350-க்கும் மேற்பட்ட பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நல்ல காரியம். சில ஊர்களில் அந்த அறைக்குப் பூட்டுத் தொங்குவதை நானே பார்த்து மனம் நொந்திருக்கிறேன். திறந்தே இருந்தாலும், ஓடுகிற பஸ்ஸில் பசிக்கிற பிள்ளைக்கு அது எப்படி உதவும்? "அதுக்குத்தான் ரூம் இருக்கே" என்று தாயை விரட்ட அந்த அறை ஒரு சாக்காகிவிடக் கூடாது. பொது இடத்திலும் வேலையிடத்திலும் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025-இல் சொல்லியிருக்கிறது.

கல்யாணத்துக்குத் தைரியமாகப் போய் வாருங்கள். கிளம்பும்முன் ஒருமுறை வயிறு நிறையக் கொடுங்கள். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி மாதிரியே இப்போது சுடிதாரும் கிடைக்கிறது, சௌகரியமாக இருக்கும். துப்பட்டா உங்களுக்கு வசதி என்றால் போடுங்கள், பிள்ளைக்குப் புழுங்கினால் முகத்தை மட்டும் திறந்துவிடுங்கள். யாராவது முறைத்தால், "பிள்ளை பசியாறுது, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று சத்தமாகவே சொல்லுங்கள். கேட்காவிட்டால் கண்டக்டரைக் கூப்பிடுங்கள்.

மாமியாரிடம் இன்றே பேசிவிடுங்கள். "அத்தை, நான் ஜன்னலோரம் உட்கார்றேன், நீங்க எனக்குப் பக்கத்துல உட்காருங்க. யாராவது ஏதாவது சொன்னா நீங்களே பதில் சொல்லுங்க" என்று கேளுங்கள். பேரனுக்காக என்றால் மறுக்க மாட்டார்.