2 ரூபாய் நாணயத்தில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது. இது டபுள்டு டை பிழையா? நல்ல விலை போகுமா?

தர்மபுரி பஸ்ஸில் மீதிச் சில்லறையாக வந்த நாணயம், எண்ணுக்கு வலப்பக்கம் பளபளவென்று ஒரு தட்டையான நிழல் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தட்டை'யை வைத்துப் பார்த்தால் இது டபுள்டு டையாக, அதாவது அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்த பிழையாக, இருக்க வாய்ப்பு குறைவு.

நாணயம் அடிக்கும் அச்சைச் செய்வதற்கு, உருவம் புடைத்த மூல அச்சு ஒன்றை மென்மையான எஃகில் அழுத்துவார்கள். முன்பெல்லாம் ஒரே அழுத்தில் முழு உருவமும் பதியாது. சூடாக்கி மறுபடி அழுத்த வேண்டும். அப்போது இம்மி விலகினாலும் இரண்டு உருவங்களும் அச்சிலேயே தங்கிவிடும். அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட் நாணயம் அப்படி வந்ததுதான். அதில் ஆண்டு எண் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். அங்கே 1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்து முறைக்கு மாறினார்கள். அதன் பிறகும் சின்னச் சின்ன இரட்டிப்புகள் வரத்தான் செய்கின்றன, பெரும்பாலும் நாணயத்தின் நடுப்பகுதியில்.

இனி லென்ஸை எடுங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, நாணயத்தை மெல்லத் திருப்புங்கள். '2' என்ற எண்ணின் அடிக்கோடு முடிகிற முனையைப் பாருங்கள். அச்சுப் பிழை என்றால் முனை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு வெட்டு தெரியும். இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டிருக்கும், எண்ணும் வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். முனை பிளக்காமல், எண்ணின் ஓரம் சீவி எடுத்த படிக்கட்டு மாதிரி தாழ்ந்திருந்தால், அடித்த நொடியில் அச்சு ஆடி உலோகத்தை நசுக்கியிருக்கிறது. அப்போது எண் மெலிந்துதான் போயிருக்கும். நீங்கள் சொல்வது இந்த வகையாகத்தான் தெரிகிறது. அச்சு தேய்ந்தாலும் இரட்டிப்பு வரும். அதில் விளிம்பு கலங்கி, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும்.

நான் பெரிதும் நம்புகிற சோதனை வேறு. அச்சில் பிழை இருந்தால் அந்த அச்சு அடித்த எல்லா நாணயங்களிலும் அதே இடத்தில், அதே மாதிரி வரும். அச்சு ஆடியதால் வந்தது நாணயத்துக்கு நாணயம் மாறும். பென்னாகரத்தில் எங்கள் மளிகைக் கடைக் கல்லாவில் ஒரு காலத்தில் 10 ரூபாய் நாணயங்கள் மலையாகத் தேங்கின. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் வாங்க ஆளில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அது எனக்கு நல்ல வசதியாகிவிட்டது. நீங்களும் அதே ஆண்டு, அதே ஆலை நாணயங்களைத் தேடுங்கள். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா.

விலை விஷயம்: அச்சு ஆடிய நாணயத்துக்கு 2 ரூபாய்தான். லட்சம் தருகிறேன், முதலில் கமிஷன் கட்டு என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அப்புறம், புளி போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம். உண்மையிலேயே பிழை நாணயம் என்றாலும், தேய்த்ததைச் சேகரிப்பவர்கள் தொட மாட்டார்கள். எண்ணின் முனை தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.