பழைய அம்பாசடரில் கிளட்சை விட்டால் ‘டங்’, ஜெர்க், உறுமல்: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

உங்களுடையது 1984 மாடல் பெட்ரோல் அம்பாசடர், பெங்களூரில் ஓட்டுகிறீர்கள். கிளட்சை விடும்போது அடியில் ‘டங்’ என்று அடித்து வண்டி ஒரு உதறு உதறுகிறது, ஐம்பதைத் தொட்டால் உறுமல், மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கலாம் என்கிறார், இறக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். அல்சூரில் என் வீட்டு வாசலிலும் ஒரு மார்க் 4 அம்பாசடர் நிற்கிறது. இந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் மேல் விழும் பழியில் பெரும்பகுதி அதற்குப் பின்னால் இருப்பவை செய்த வேலை.

முதலில் நாலாவது கியர். அது நேரடி இணைப்பு. என்ஜினிலிருந்து வரும் தண்டும் பின்னால் போகும் தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டான லேஷாஃப்டின் பற்களில் சுமை ஏறாது. ஞாயிறு விடிகாலை ஓல்ட் மெட்ராஸ் ரோடு காலியாக இருக்கும்போது போய்ப் பாருங்கள். கீழ் கியர்களில் உறுமி நாலில் அடங்கினால் மெக்கானிக் சொல்வது சரி, குறை கியர்பாக்ஸுக்குள்தான். எந்த கியரானாலும் அதே வேகத்தில் அதே உறுமல், சமதளத்தில் சற்று தூரம் நியூட்ரலில் உருளவிட்டாலும் போகவில்லை என்றால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு), டிஃபரன்ஷியல் (பின் ஆக்ஸில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி), வீல் பேரிங் பக்கம் தேடுங்கள். (இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம், இக்னிஷனையும் அணைக்காதீர்கள்.) ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி என்றால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கரங்கள் மேல் சந்தேகம். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடினால் வீல் பேரிங்.

நின்ற இடத்திலும் ஒரு சோதனை உண்டு. நியூட்ரலில் ஐடிலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இந்த வண்டியில் அது கார்பன், தேயத்தான் செய்யும்.

உங்கள் ‘டங்’குக்கு என் முதல் சந்தேகம் கிராஸ், அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட். என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பார்க்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. கிராஸின் இரண்டு பக்கமும் சேர்ந்து திரும்பாமல் நடுவில் ஆட்டம் இருந்தால் அது போய்விட்டது. மூடியைச் சுற்றித் துருநிறப் பொடி கிடந்தால் இன்னும் உறுதி. கிராஸ் இறுக்கமாக இருந்து, ஷாஃப்ட் கொஞ்சம் திரும்பி பின்னால் இடித்தால் அது டிஃபரன்ஷியல் ஆட்டம். பழைய வண்டியில் சிறிதளவு இருக்கும், பதற வேண்டாம். பின் பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) ஆக்ஸிலோடு பிடிக்கும் யு-போல்ட் தளர்ந்தாலும் இதே ‘டங்’ வரும், பிரேக் பிடிக்கும்போதும் சேர்ந்து கேட்கும். ஒரு ஸ்பேனர் போதும் என்பதால் அதை முதலில் இறுக்கிவிடுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுக் கிளட்சைக் கொஞ்சமாக விடும்போது என்ஜின் ஒரு பக்கம் எழும்புகிறதா என்று பக்கவாட்டில் நின்று ஒருவர் பார்க்கட்டும். எழும்பினால் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போயிருக்கிறது.

உதறல் ஒற்றை அடியா, தொடர் நடுக்கமா என்பதும் முக்கியம். கிளட்ச் பிடிக்கும் நேரம் முழுக்க நடுங்கினால், மவுண்ட் சரியாக இருக்கும் பட்சத்தில், கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். அதற்கு கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும். ஓடும்போது விட்டு விட்டு இழுத்தால் அது டிரான்ஸ்மிஷனே இல்லை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிஷன் பாயின்ட்டையும், எஸ்.யூ. கார்புரேட்டரின் மேல் உள்ள டாஷ்பாட் குடுவையில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடும்போது முதல் கியருக்கு வந்தால் பல் கரகரப்பது நோயே அல்ல, அந்த கியருக்கு, பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ கிடையாது.

சிவாஜிநகர் பக்கம் வண்டியை விட்டால் “பாய், கியர்பாக்ஸ் அப்புறம், முதல்ல கிராஸ்ல ப்ளே இருக்கா பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கூடவே நில்லுங்கள். கிராஸ் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒத்துப் பாருங்கள். ஷாஃப்டைக் கழற்றுமுன் டிஃபரன்ஷியல் ஃப்ளாஞ்சுக்கும் (ஷாஃப்ட் போல்ட் ஆகும் தட்டு) ஷாஃப்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடம் மாறி மாட்டினால் புது அதிர்வு வரலாம், அதற்கும் கியர்பாக்ஸைத்தான் கைகாட்டுவார்கள்.